முன்னறை

கண்ணுக்குள் ஒரு முன்னறை இருக்கிறது,
விழிவெண்படலத்துக்கும் கதிராளிக்கும் நடுவில்,
ஐந்தாறு துளி நீர் நிற்கிற இடம்.

வெண்புரையை எடுத்து வில்லையை வைத்து
வெளியே வருமுன்
அந்த அறைக்குள் டொக்டர் ஊசியால் விடுவது
ஒரு மில்லிலீட்டரில் பத்தில் ஒன்று.
கிருமி நுழைந்தால் இரண்டு நாளில் கண் போய்விடும்,
அதற்குக் காவல்.
காவலே கண்ணைத் தின்றுவிடாதா
என்பதுதான் எங்கள் ஆய்வு.

நூற்றிருபது பேர்.
பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு உப்புநீர்.
சொட்டுமருந்து எல்லாருக்கும் உண்டு.
யாருக்கு எது என்பது உறைக்குள்.
கண்ணைப் பற்றிய ஆய்வில்
என் கண்ணைக் கட்டி விட்டிருக்கிறார்கள்.

என் வேலை எண்ணுவது.
விழிவெண்படலத்தின் உட்புறம் ஒற்றை அடுக்காய்க் கலங்கள்,
அறுகோணம் அறுகோணமாக,
ஒரு சதுர மில்லிமீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
செத்தால் புதிது பிறப்பதில்லை.
பக்கத்துக் கலம் கொஞ்சம் அகன்று
வெற்றிடத்தை மூடிக்கொள்ளும்.

நாற்பத்து மூன்றாம் இலக்கம்,
தெய்வானைப்பிள்ளை, தம்பிலுவில்.
சம்மதப் படிவத்தை நான் முழுதும் வாசிக்கவிடவில்லை.
"எத்தின எடத்தில வெச்சிரிக்கன் மனே,
ஜெனிவாக்கும் போயிரிக்கி என்ட கையெழுத்து."
வேகமாகப் போட்டா, பழகிய கை.

முப்பதாம் நாள் வரவில்லை.
தொலைபேசி அணைந்திருந்தது.
கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
நான்கு பெட்டிகள்:
வந்தார்.
தாமதமாக வந்தார்.
இறந்தார்.
காணாமல் போனார்.

மொழிபெயர்த்தவர் இந்தப் பக்கம் வந்திருக்கமாட்டார்.
பேனையை மூடிவைத்துவிட்டு
கல்முனை பஸ் நிலையத்தில்
பொத்துவில் பஸ் ஏறினேன்.

திருக்கோவில் வீதியோரத்தில் தகரப் பந்தல்.
ஆஸ்பத்திரி கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு
மூன்றாவது கதிரையில் இருந்தா.
மடியில் சட்டம் போட்ட படம்.

"இண்டைக்கி என்ட முறை மனே, நாளைக்கி வாறன்,"
என்று சொல்லிவிட்டுக்
கண்ணாடியைக் கழற்றினா.
"இஞ்ச பாருங்க.
இவ்வளவு நாளும் பச்சையெண்டு நெனச்சிரிந்தன்
இவன்ட சேட்ட.
நீலம்."

மஞ்சளித்த பழைய வில்லை நீலத்தை அப்படித்தான் காட்டும்
என்று நான் விளக்கியிருக்கலாம்.
தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன்.

மறுநாள் சொன்னபடி வந்தா.
நாடியை வைத்தா, நெற்றியை ஒட்டினா,
இமைக்காமல் இருந்தா.
முன்பு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு.
இன்று இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு.

குறைந்தது நூற்றுப் பதினெட்டு.
ஊசி கொன்றதா, கத்தி கொன்றதா,
உறை திறக்கும்வரை தெரியாது.
திறந்தாலும் இந்த ஒருத்திக்கென்று தெரியாது,
நூற்றிருபது பேரைக் கூட்டித்தான் சொல்லலாம்.

திரையில் தேடினேன்.
மிச்சமானவை கொஞ்சம் கொஞ்சம் அகன்று நின்றன.
இடைவெளி எங்கும் இல்லை.

"தாமதமாக வந்தார்" என்பதில் சரி போட்டேன்.
நாலாவது பெட்டியை
அந்தக் கட்டுப் படிவம் முழுவதிலும்
அடிமட்டம் வைத்து வெட்டினேன்.
மேலிடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும்.

நாற்பத்து நான்கு,
ஆதம்லெவ்வை, இறக்காமம்.
வாங்க காக்கா, நாடியை இதில வையுங்க.