முள்

பதினோரு வருடம்
ஒவ்வொரு தவக்காலத்திலும் அதே பட்டியல்:
பொறாமை, புறணி,
ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்தது,
தராசில் கை வைத்தது.
கடைசியானதை
ஓர் இருமலில் பொதிந்து சொல்லிவிடுவேன்.
பழைய சுவாமியாருக்குக் காது மந்தம், நல்ல மனிதர்.
மூன்று 'அருள் நிறைந்த மரியே'.
ஒல்யாவ் மீன்சந்தைக்குத் திரும்பும் வழியிலேயே
முடித்துவிடலாம்.

தவக்காலம் எங்களுக்கு அறுவடை.
ஊர் இறைச்சியைத் துறக்கும்,
நாங்கள் விலையை ஏற்றுவோம்.
அடுத்தவர் ஒறுத்தலில் கொழுத்தவள் நான்.
வேறு யாராவது இதைச் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

அந்த வருடம் புதியவர் வந்திருந்தார்,
பாதர் எவரிஸ்து, மலைப்பக்கத்துக்காரர்,
மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாது.
மரச்சல்லடைக்கு அப்பாலிருந்து
எத்தனை முறை என்று கேட்பார் என்றிருந்தேன்.
"எத்தனை கிராம்?" என்றார்.

எடை போடுவதே என் பிழைப்பு.
எனக்கு வாயடைத்துப்போனது.

அன்றிரவு சமையலறையில்
கட்டைவிரலைத் தட்டில் வைத்துப் பார்த்தேன்.
லேசாக வைத்தால் முப்பது.
வாடகை நினைப்போடு வைத்தால் அறுபது.
நாற்பது என்று வைத்துக்கொண்டு
பள்ளிக்கூடம் பெருக்கும் கிராசிந்தாவின் கணக்கை மட்டும்
பெருக்கினேன்.
வாரம் இருமுறை, பதினோரு வருடம்:
நாற்பத்தைந்து கிலோ.
அவளே அவ்வளவுதான் இருப்பாள்.
அடுத்த பெயருக்குப் போகவில்லை,
பென்சிலை வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் ஆளுக்கொரு மத்தி
கூடுதலாகப் போட்டேன்.
கிராசிந்தா செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
மோந்தாள்.
"நேற்றைய மீனா, தெயோலிந்தா?"
வெள்ளிக்குள் சந்தை முழுக்கப் பேச்சு:
சரக்கு கெட்டுப்போச்சு,
அதான் அள்ளித் தருகிறாள்.
எதிர்க்கடை பெர்மினாவிடம்
கடல்சுவர் வரை வரிசை.
பெர்மினாவின் விரலை எனக்குத் தெரியாதா?

சந்தையைக் கழுவிவிட்டபின்
ரப்பர் பூட்ஸோடு கோயிலுக்குள் போனேன்.
முழந்தாளிடவில்லை.
செபமாலை பையிலேயே கிடந்தது.
நற்கருணைப் பேழையருகே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து
"இது நியாயமா?" என்றேன்.
பிறகு சொன்னவை மீன்சந்தைச் சொற்கள்,
இங்கே எழுத முடியாது.
நாற்பத்தாறு வயதில்
மனப்பாடம் பண்ணாத ஒன்றை
அவரிடம் பேசியது அன்றுதான்.
பதில் வரவில்லை.
வெளியே ஆலைப் புகைபோக்கியில் நாரை
அலகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

பெரிய வெள்ளி. சிலுவை முத்தி.
வரிசையில் எனக்கு முன்னால் பெர்மினா,
நல்ல கறுப்புச் சால்வை.
என் முறை வந்ததும்
மரப்பாதத்தைப் பற்றக் கை நீட்டினேன்.
கட்டைவிரல் ஆணித்தலைமேல்
பழகிய இடம் போலப் போய் உட்கார்ந்தது.
எடுக்கத் தெரியவில்லை.
அழுத்தவும் தெரியவில்லை.
பின்னால் யாரோ கனைத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கையில் நினைத்துக்கொண்டேன்,
என் வாழ்வு முழுக்க முள்தான்.
மீனின் முள் தொண்டையில் சிக்கும்.
தராசின் முள் என்னிடம் சிக்கியது.
இன்னொன்றை அந்த நெற்றியில்
முத்தமிடும் தூரத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்.

கிராசிந்தா திரும்பி வந்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பெர்மினா விலையை ஏற்றியிருக்கலாம்.
அந்த நாற்பத்தைந்து கிலோவைப் பற்றி
இன்னும் அவளிடம் வாய் திறக்கவில்லை.
மத்தி மத்தியாகக் கழிகிறது.

திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
மழை நாளில், படகு வராத நாளில்
விரல் தானாக எழுந்து வரும்.
அதை முன்றானைத் துணிக்குள் சொருகிக்கொள்வேன்.
தட்டில் மீன் விழுந்ததும் முள் பதறும்,
நானூறு, நானூற்றிருபது, நானூற்றைந்து.
முன்பெல்லாம் அந்தப் பதற்றத்திலேயே
விலையைச் சொல்லிவிடுவேன்.
இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நிற்கிறேன்.
நாலு நொடி, ஐந்து நொடி.
அவ்வளவுதான் என் செபம், பல நாளில்.

"தூங்கிட்டியா?" என்கிறாள் கிராசிந்தா.

"கொஞ்சம் பொறு," என்கிறேன்,
"இன்னும் ஆடுது."