முத்திரைக்குக் கீழே ஏழு எண்கள்

"பாருங்கம்மா, காந்தம் புடிக்காது"
என்று பழைய ஸ்பீக்கரில் பிடுங்கிய காந்தத்தை
சிங்கின் சுவரில் வைத்துக் கையை எடுத்தார் கலியபெருமாள்.
அது வழுக்கி, வடிகால் ஓட்டை வரை போய்
டங்கென்று நின்றது.

பிடிக்கவில்லை, சரி.
மட்டச் சரக்கிலும் பிடிக்காதென்று
பிளம்பர் ஜபருல்லா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.
வீட்டில் இருப்பதும்
காந்தம் பிடிக்காத சிங்க்தான்.
மூன்றே வருஷத்தில்
ஊசி குத்தியதுபோல் பதினோரு துளை.
அடியில் வாளி. இரவெல்லாம் சொட்டு.

திருத்துறைப்பூண்டி போர்த் தண்ணீர் அப்படி.
பருப்பு வேகாது.
குழாய் மூக்கில் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டும்.
மேட்டூரில் திறந்தது
வழி வயலெல்லாம் குடித்த மிச்சமாய்
முள்ளியாற்றுக்கு வந்து சேர்வதற்குள்
கடல் மண்ணுக்கடியில் முந்திக்கொள்கிறது.
கடைமடைக்கு எதுவும் கடைசியாகத்தான் வரும்,
நல்ல சரக்கும்.

கவிழ்த்துக் காட்டச் சொன்னேன்.
முதுகில் கறுப்புப் பூச்சு, ரப்பர் பட்டை,
ஓரத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை,
அதற்குக் கீழே ஏழு எண்கள்.

நான் இ-சேவை மையத்தில் இருப்பவள்.
சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு
என்று நாளைக்கு நாற்பது சான்றிதழ் அச்சடிப்பவள்.
வாங்குகிறவர்கள் முத்திரையைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.
எனக்கு எண் சரியாக இருக்கவேண்டும்.

போனில் அடித்தேன்.
வட்டம் சுற்றியது. டீ வந்தது. இன்னும் சுற்றியது.
பிறகு சொன்னது:
ஏதோ ஊரில் ஏதோ கம்பெனி,
பொருள்: வெந்நீர் போடும் கம்பி.
உரிமம் காலாவதி.

"கம்பெனிலயே ஒட்டித்தாம்மா வருது."
கண்ணாடி மாட்டி இரண்டு முறை வாசித்தார்.
இந்த முகம் எனக்குத் தெரியும்.
புரோக்கர் வாங்கித் தந்த காகிதத்தைப்
பிளாஸ்டிக் உறையில் பத்திரமாய்க் கொண்டுவந்து
கவுண்டரில் நீட்டுவார்களே,
"இது செல்லாதுங்க" என்று நான் சொன்ன பிறகு
அவர்களுக்கு வரும் முகம்.

உள்ளே போனார்.
எந்தக் காலத்திலோ ஏஜென்ட் தந்துவிட்டுப் போன
சின்னப் புட்டி, ஒரு சதுர பேட்டரி.
முத்திரையும் உடையாமல் இருந்தது புட்டி.
ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை அழுத்தினார்.
வெற்றிலை மென்ற நாக்காய்ச் சிவந்தது.
சிவந்தால் மட்டம்.

நான் இருப்பதை மறந்துபோனார்.
அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கி
சொட்டு, பேட்டரி,
சொட்டு, பேட்டரி.
பையன் எண்ணிக்கொண்டிருந்தான்.
ஒன்பதில் ஏழு சிவப்பு.
எட்டாவது மஞ்சளாகவே நின்றது,
ஆனால் அது இரட்டைத் தொட்டி,
என் அடுக்களை மேடைக்கு அடங்காது.
ஒன்பதாவதுக்குப் புட்டியில் மருந்து இல்லை.

வாங்காமல் வந்தேன்.
ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் தண்டம்.

மறுநாள் பதினோரு மணிக்கு
டோக்கன் பதினெட்டு.
தலை நிமிர்ந்தால் கலியபெருமாள்.
காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
உரித்த ஏழு முத்திரைகள்
வரிசையாய் ஒட்டியிருந்தன.
"புகார் குடுக்கணும்மா.
என்னைக் கேட்டா நானே வித்தவன்தான்,
அதையும் எழுதிக்கங்க."

ஆதார் இருக்கா என்றேன், பழக்கத்தில்.
சட்டைப் பையைத் தடவினார்.
பின்னால் டோக்கன் பத்தொன்பது
கதவு நிலையில் சாய்ந்து
இருமியது.

வீட்டில் வாளி
இந்நேரம் பாதி நிறைந்திருக்கும்.