அடிக்குறிப்பு 71

முதல் பருவத்தில் அமுகன் என்று ஓர் ஆள் இருந்தான் எனக்கு.
எந்தச் சுவடியைத் திறந்தாலும் அவன்தான் செத்துக்கிடந்தான்.
அமுகனின் தந்தை, அமுகனின் கோத்திரம்,
அமுகனுக்கு இந்த நீர், இந்த எள்.
வம்சாவளி ஒன்றுகூட வரைந்துவிட்டேன், பச்சை மையில்.
தார்துவின் ஜனவரி, வெளியே பூஜ்யத்துக்குப் பதினெட்டு கீழே.
அகராதி மெதுவாகச் சொன்னது:
அமுக என்றால் இன்னார்.
பெயரை நீயே இட்டுக்கொள் என்று
விட்டுவைத்த ஓட்டை.

தோனிஸ் சிரித்த சிரிப்பில் மேசையெல்லாம் காப்பி.
பாலத்தில் நின்று எங்கள் எமாயோகி ஆற்றை
யமயோகி என்றவனும் அவன்தான்.
எமா என்றால் அம்மா, யோகி என்றால் ஆறு,
இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.
ஆனாலும் சந்தி விதி படித்த காதுக்கு
அன்றிலிருந்து பனிக்கட்டியின் அடியில்
யாரோ சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வேற்றுமை எட்டு என்று பயமுறுத்தினார்கள்.
எங்களிடம் பதினான்கு.
நான் திணறியது வேறிடத்தில்:
நதி பெண், கடல் ஆண், நண்பன் இரண்டுமல்ல.
எங்களுக்கு அவனும் அவளும் ஒரே சொல்.
எதிர்காலம் வேறு இரண்டாம் அவர்களுக்கு,
ஒன்று பொதுவுக்கு, ஒன்று நாளைக்கு.
எஸ்தோனிய மொழியில் ஒன்றுகூடக் கிடையாது.
நாளை வருகிறேன் என்போம்,
வந்தும்விடுவோம்.

ஆய்வேட்டுக்கு எடுத்தது நீர்க்கடன் கையேடு ஒன்று.
நேபாளத்துப் பிரதிகள் நான்கு, திரையில்.
ஓலைக்கு ஓலை புழு போன தடம்,
ச எது வ எது என்று பெற்றவனுக்கே குழம்பும் எழுத்து.
மூன்று பிரதிகளில், தந்தையின் இடத்தில், அமுக.
நான்காவதில், பதினான்காம் ஏட்டின் பின்பக்கம்,
ஹாகுசிம்ம.

இரண்டு நாள் அதைப் பிழை என்றெண்ணி
வெட்டியும் ஒட்டியும் பார்த்தேன்.
ஹாகு சமஸ்கிருதமே இல்லை.
நேவார் மொழியில் கறுப்பு.
யாரோ ஒருவன் வரிவரியாகப் படியெடுத்து வந்து
இன்னார் என்று எழுத வேண்டிய இடத்தில்
கை தானாகவே
தன் அப்பாவை எழுதிவிட்டது.

பதிப்பு விதியில் சந்தேகமில்லை.
மூன்றுக்கு எதிராக ஒன்று. இடைச்செருகல்.
மேலே மூலத்தில் அமுக நின்றுகொண்டது.
கறுப்புச் சிங்கம் கீழே இறங்கியது, எட்டுப் புள்ளி எழுத்தில்:
ஈ பிரதியில் மட்டும்.

அதே மார்ச்சில் ஆவணக் காப்பகத்தின் உறை வந்தது,
அப்பா கேட்டு எழுதியது, என் முகவரிக்கு.
1949-இல் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்ட கொள்ளுத்தாத்தா.
ஊருக்கு அவர் கூசே ஹிந்த்ரெக், பண்ணையின் பெயர் முன்னால்.
ரஷ்ய எழுத்தில் ஹ கிடையாது.
முதல் தாளில் கிந்த்ரெக்.
நோவசிபிர்ஸ்க் தாளில் கெந்த்ரிக்.
மூன்றாவதில் பெயர் இருந்த மூலையை ஈரம் தின்றிருந்தது,
இறந்த இடம் என்பதற்கு நேரே ஒரு கோடு.
பழக்கம் விடவில்லை.
ஓரத்தில் பென்சிலால் அ, ஆ, இ என்று குறித்தேன்.
கடினமான பாடமே மூலப் பாடம் என்பார்கள்.
இங்கே எல்லாப் பாடமும் கடினம்.

தந்தை, அவர் தந்தை, அவருக்கும் தந்தை,
கையேடு அதோடு நிறுத்திக்கொள்கிறது.
விரல் விட்டு எண்ணினேன்.
மூன்றாவது விரல் இவர்.

எள் வாங்கப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
வாங்கவில்லை. வாங்கியது கறுப்பு ரொட்டி, பேட்டரி.
கிறிஸ்துமஸுக்குக்கூட கோயில் போகாத வீடு எங்களுடையது.
பாலத்தைக் கடக்கையில்
ஆற்றில் பனி உடைந்து போவதைப் பார்த்தேன்,
அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் செய்தேன்.
71-ஐ எட்டுப் புள்ளியிலிருந்து பத்தாக்கினேன்.
தேர்வாளர் கண்ணில் பட்டால் பிழை என்பார்.
இருக்கட்டும்.
நாளை ஒப்படைக்கிறேன்.
எங்கள் மொழியில்
நாளையைச் சொல்ல இதுதான் வழி.