ஏழாவது இடம்

விதியை ஒற்றைத் தாளில் ஒட்டியிருந்தார்கள்,
ஒரு மூலை காற்றில் துடித்தபடி:
தகுதிச் சுற்றில் முதல் ஆறு இடம் பிடிப்பவர்
அந்த நேரத்தை எடுத்த அதே டயரில்தான்
பந்தயத்தைத் தொடங்க வேண்டும்.
ஏழாமவருக்கு அந்தக் கட்டு இல்லை.

யானைமலைக்குக் கிழக்கே, மலையை ஒட்டி,
ஆறு வளைவும் ஒரு நேர்கோடுமாய்க் கிடந்தது தார்.
பன்னிரண்டே கால்.
வெப்பமானியைத் தரைக்குக் காட்டினேன்: ஐம்பத்தாறு.
செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.
சிவப்புக் கோடு போட்ட சாஃப்ட்
இந்தச் சூட்டில் ஒரு சுற்றுக்கு வள்ளல்,
மறு சுற்றிலிருந்து வட்டிக்காரன்.

சாந்தாராம் அண்ணனுக்கு முதல் வரிசை வேண்டும்.
"போட்டோ வரும் நசீமா. ஸ்பான்ஸர் கேப்பான்."
"ஏழாவது வந்தா புது டயர் வரும்" என்றேன்.

யோகப்ரியா கையுறையைப் பல்லால் இழுத்தபடி கேட்டாள்:
"வேகமாப் போகத் தெரியும். மெதுவாப் போகவும் தெரியும்.
சரியா ஏழாவதாப் போறதை
எங்கிட்டுப் போய்ப் படிக்கக்கா?"

கடைசி ஆளாக அவளை அனுப்பினோம்.
ஆறாவது இருந்தவனின் நேரம் ஒரு நிமிடம் எட்டு புள்ளி நான்கு ஒன்று.
ஏழாவது, எட்டு புள்ளி ஆறு.
அந்தச் சந்துக்குள் ஒரு காரைச் செருக வேண்டும்,
பெரியார் நிலையத்தில் கிளம்பிவிட்ட பஸ்ஸின் படியில்
ஒற்றைக் காலை ஊன்றுவதுபோல.

திரையில் பாதிச் சுற்றுவரை
அவளுக்கு மேலே ஒருவரும் இல்லை.
"ப்ரியா, அரை நொடி கூட இருக்கு."
பதில் வரவில்லை.
கடைசி வளைவுக்கு முன்னால்
இன்ஜின் சத்தத்தில் ஓர் இமைப்பு.
கூட்டம் கேட்கவில்லை.
தகரக் கொட்டகைக்குள் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்ற
அவள் அப்பாவும் கேட்கவில்லை.
கால் மேலே வந்ததை நான் கேட்டேன்.

எட்டு புள்ளி நான்கு ஏழு.
ஏழாவது.
"பொம்பளப் புள்ளைக்கு இதுவே பெருசு" என்றான்
வேலியில் சாய்ந்திருந்த ஒருவன்.
சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு
வாய்க்கு வந்ததை விழுங்கினேன்.

நாலரைக்குப் பந்தயம்.
வெள்ளைக் கோடு போட்ட புது ஹார்ட் நான்கு,
காற்று பதினெட்டு பவுண்டு.
முன்னால் நின்ற ஆறு காரையும் நடந்து பார்த்தேன்.
டயர்மேல் ரப்பர் சுருண்டு
அழிரப்பர் தூள்போல் நின்றது.
பத்துச் சுற்று தாங்காது. ஒவ்வொன்றாய்
மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன்.

மலையைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாம் வளைவை முதலில் தொட்டது நிழல்.
பிறகு நாலாவதின்மேல் மெல்லப் படுத்தது.
முப்பத்தெட்டு.
சாக வேண்டிய சாஃப்டெல்லாம்
குளிர்ச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டன.
எங்கள் ஹார்ட் சூடேற மறுத்தது.
"பிடிக்க மாட்டேங்குதுக்கா."
"பொறு" என்றேன். வேறென்ன சொல்ல.

பதினோராம் சுற்றில் ஒருவன் அகன்று மணலுக்குப் போனான்.
பதினாலில் இருவரின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது,
அவள் இருவரையும் ஒரே வளைவில் தாண்டினாள்.
அதற்குள் கொடி விழுந்துவிட்டது.
நான்காவது.
மேடைக்கு மூன்றே படி.

என் கணக்கு தப்பு என்று யாரும் சொல்லவில்லை.
சாந்தாராம் அண்ணன் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இருட்டியபின் டயர்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.
மதியம் ஓட்டிய சாஃப்ட் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து
ஒட்டியிருந்த கல்லை நகத்தால் கெல்லியபடி கேட்டாள்:
"காலை எடுக்காம இருந்திருந்தா எவ்ளோ வந்திருக்கும்?"

தெரியும். கணினியில் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.
ஏழு புள்ளி ஒன்பது. இந்தத் தாரில்
இன்று யாரும் எட்டுக்குக் கீழே போகவில்லை.
"தெரியலையே" என்றேன்.

"எனக்குத் தெரியும்கா."

டயரை உள்ளே உருட்டிவிட்டாள்.
வேனின் தகரத் தரையில் அது
பாதி வட்டம் போய்,
தள்ளாடி,
மற்ற டயர்களின்மேல் சாய்ந்தது.