வலக்கண்ணுக்கு எண்ணூற்று இருபது

தாடையை இங்கே வையுங்கள் என்றார்கள்.
நெற்றியைப் பட்டையில் ஒட்டுங்கள் என்றார்கள்.
மூச்சுவிட மட்டும் மறந்துவிடாதீர்கள் என்று
டாக்டர் ரெஹானா சொன்னபோது
சிரிப்பு வந்தது.
சிரித்தால் குறி தவறும்.

பச்சை.
பிறகும் பச்சை.
ஓரத்துக்குப் போகப் போக
பின்மண்டையில் குண்டூசி இறக்குகிற பச்சை.
நாற்பது வரை எண்ணினேன்.
மீதியைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்:
வலக்கண்ணுக்கு எண்ணூற்று இருபது.
இடதுக்குப் போன மாதமே எழுநூற்று நாற்பது.

நடுவைக் காப்பாற்றத்தான்
ஓரத்தைச் சுடுகிறோம் என்றார்.
புரிந்தது.
மசினகுடியில் மச்சான் ரூபன்
தை மாதம் அதைத்தான் செய்கிறான்.
காடு எரியாமலிருக்கக்
காட்டின் விளிம்பை எரிக்கிறான்,
வீட்டுக்கு வந்து விடிய விடிய இருமுகிறான்.
எரிந்த கோட்டில்
அடுத்த மழைக்குப் புல் வந்துவிடும்.
என் கோட்டில் வருமா என்று
நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில்
கல்லாறு பாக்குத்தோப்பு முழுக்க
ரோஸ் கலரில் நின்றது.
தெரியுதா என்றாள் லில்லி.
அழகாத்தான் இருக்கு என்றேன்.

கேத்தி பாலாடாவில்
பார்க்கிறவனெல்லாம் சொல்வது ஒன்றுதான்:
கேரட் சாப்பிடு சவரி, கண்ணுக்கு நல்லது.
இருபத்திரண்டு வருஷம்
ராத்திரிக்கு ஐந்து டன் கேரட்
என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து
மலை இறங்கியிருக்கிறது.
தூக்கம் விரட்ட
டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டதும்
அதே இருபத்திரண்டு வருஷம்தான்.

டாக்டர் சொன்ன நான்கில்
மூன்றை லில்லியிடம் சொன்னேன்.
வெளிச்சம் கூசும்.
பூச்சி பறக்கிற மாதிரி இருக்கும்.
பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் குறையும்.
நான்காவது, இருட்டு.
அதில்தான் எங்கள் சோறு.

பதினோராம் நாள் வண்டி எடுத்தேன்.
மிஷினில் குளித்துவந்த கேரட்
மூட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.
குன்னூர் வரை தெருவிளக்கு.
அதற்குப் பிறகு
ஹெட்லைட் போட்டேனா என்று
இரண்டு முறை சுவிட்சைத் தடவிப் பார்த்தேன்.
போட்டிருந்தது.

எதிரே ஒரு கார் வந்தது, போனது.
அதன் வெளிச்சம் போகவில்லை,
அடுத்த வளைவு வரை
கண்ணில் ஏறி உட்கார்ந்து வந்தது.
ஒரு கொண்டை ஊசியில்
இடப்பக்கம் பாறை இருக்கிறதென்று
சைடு மிர்ரர் உரசிய சத்தம்தான் சொன்னது.

பனிமூட்டம் எனக்குப் புதிதில்லை.
அதற்கு வாசனை உண்டு. ஈரம் உண்டு.
வைப்பரைப் போட்டால்
அரை நிமிஷமாவது விலகி நிற்கும்.
அன்றைக்குப் பனியே இல்லை.
கிளீனர் பையன் சொன்னான்,
அண்ணே, எத்தனை நட்சத்திரம்!

பர்லியாறில் பலாப்பழக் கடையோரம் ஒதுக்கி
இன்ஜினை அணைத்தேன்.
வெளுக்கும்வரை
மூட்டைகள் சொட்டுவதைக் கேட்டேன்.

மண்டியில் ஏலம் முடிந்திருந்தது.
கிலோவுக்கு நான்கு ரூபாய் போயிற்று.
போஜா கவுடர் போனில் கேட்டார், என்னாச்சு?
பஞ்சர் என்றேன்.
எந்தப் பக்கம்?
இடது.
அது முழுப் பொய்யுமில்லை.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்முன்
கொத்திலிருந்த வேளாங்கண்ணி மாதாவை மட்டும்
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கவுடர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
எடைமேடைச் சீட்டை நீட்டி,
இத படி சவரி, கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன் என்றார்.

பொடி எழுத்து.
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ,
தேதி, வண்டி நம்பர்,
ஓட்டுநர் என்ற இடத்தில் என் பெயர்.
ஒரு புள்ளி விடாமல் படித்தேன்.
சுட்டுக் காப்பாற்றியது அவ்வளவும்
அந்தச் சீட்டின் அகலம் இருந்தது.

இருட்டுவதற்குள் நடையைக் கட்டினேன்.
கேரட் தோட்டத்து வரப்போரம்
இடப்பக்கம் செருப்புச் சத்தம்.
நான் நின்றால் அதுவும் நின்றது.
தலையை முழுசாகத் திருப்பினேன்.
லில்லி.

எவ்வளவு நேரமா வர்ற?

கவுடர் வீட்டுல இருந்து, என்றாள்.
கொஞ்சதூரம் போய்,
பஞ்சர் ஒட்டியாச்சா?