இறக்குமதி வரி

கோத்தகிரியில் மழை. மின்சாரம் போய்
இன்வெர்ட்டர் முனகுகிறது.
எல்லாக் கோப்பிலும் முதல் வரி
'துண்டாக்கு: இறக்குமதி.'
எதற்கு இந்த வரி, என்கிறான் லிங்கராஜ்.
மொழியோடு பிறந்ததாகவே வைத்துவிடுவோம்.

நியாயம்தான்.
நேற்று அதை எழுத மறந்து
இரவு இரண்டு மணிக்குத் திட்டு வாங்கினேன்,
நானே கட்டிய கம்பைலரிடம்.

ஆனால் கூடலூரில் ஒருத்தி
தேயிலை மூட்டைக் கணக்குக்குத்
தன் சொந்தத் துண்டாக்கு வைத்திருக்கிறாள்.
பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து
மிஞ்சும் ஐந்தையும் ஒரு துண்டென்று எண்ணும் அது.
நம்முடையது ஐந்தைக் கீழே போட்டுவிடும்.
அவளும் ஒருநாள் முதல் வரியை மறப்பாள்.
இன்றென்றால் திட்டு விழும்.
நாளை
சத்தமில்லாமல் நம்முடையது ஓடும்.
ஐந்து மூட்டை எங்கே?

ஜன்னலுக்கு வெளியே சீகை மரங்கள்.
விறகுக்கு வசதி என்று
யாரோ கப்பலில் இறக்கியவை.
வெட்டினால், மண்ணுக்குள் கிடந்த விதை எழுகிறது.
அடியில் புல்வெளி இருந்ததாம்.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடாதே என்றான்.
அவிழ்த்துவிட்டேன்.
என் ஓட்டு: வேண்டாம்.
அவனுடையது: வேண்டும்.
மூன்றாவது ஓட்டு பிளாரன்ஸ்,
ஊட்டி பஸ்ஸில் சிக்னல் இல்லாமல் வருகிறாள்.

அதுவரை என்ன செய்ய.
புதுக் கோப்பைத் திறந்து
முதல் வரியைத் தட்டினேன்:
'துண்டக்கு.'
யார் அது, என்றது கம்பைலர்.