இடது காது

களியல் சபையில் பிரசங்க பீடத்தில் நின்றால்
பெண்கள் என் இடப்பக்கம்.
எனக்கு இடது காது கேட்காது,
பன்னிரண்டு வருஷமாக.
தக்கலை டாக்டர் மெஷின் எழுதித் தந்தார்.
வாங்கினேன். அது மேசை டிராயரில்
காணிக்கைக் கவர்களுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று கமிட்டி.
கண்காணிப்பாளர் எட்வின் செல்லக்கண்
நாகர்கோவிலிலிருந்து ஐப்பசி மழையோடு வந்து சேர்ந்தார்.
பொருளாளர் ஞானாபரணம் நோட்டை விரித்து வாசித்தார்:
பொருள் நான்கு, ஆராதனை நேரம்.
எட்டரை. மாற்ற வேண்டாமென்று முன்பே தீர்மானம்.
பொருள் ஐந்து, கூரை ஒழுக்கு.

ஒழுக்கைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினோம்.
ஓட்டை எங்கே என்பதில்
ஆளுக்கு ஒரு அபிப்பிராயம்.
பீடத்துக்கு மேலே என்றேன் நான்.

டீ கொண்டுவந்த லில்லிபாய்
தட்டை வைத்தாள், போகவில்லை.
நின்றாள், என் இடப்பக்கம்.
உதடு அசைந்தது.
வழக்கமாய்ச் செய்வதைச் செய்தேன்:
சிரித்து, தலையாட்டினேன்.

"ஐயரு தலையாட்டியாச்சு,
அப்போ சரிதானே?" என்றாள் உரக்க.

ஞானாபரணத்தின் பேனா நின்றது.
செல்லக்கண் கண்ணாடியைக் கழற்றினார்.
எதற்குச் சம்மதித்தேன் என்று
அறையில் எனக்கு மட்டும் தெரியவில்லை.

எழுந்து மேசையைச் சுற்றிப் போனேன்.
வலது காதை அவள் பக்கம் திருப்பி,
"எனக்கு இந்தப் பக்கம்தான் கேட்கும்.
இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.
சபை ஏற்றபின் நான் செய்த முதல் பாவ அறிக்கை
அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மூணு மணிக்கு நெத்தியில லைட்டு கெட்டிட்டு
முந்நூறு மரம் வெட்டணும் ஐயரே.
பாலெடுத்து உறைய ஊத்திட்டு ஓடி வந்தா
நீங்க ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கி நிப்பிய.
பிரசங்கம் என்னன்னு வீட்டுக்காரருட்ட கேட்டா
நல்லா இருந்துன்னுவாரு. அவ்வளவுதான்.
பத்தரை ஆக்குங்கன்னு போன வருசமும் சொன்னேன்.
அதுக்கு முந்தின வருசமும்.
நீங்க தலையாட்டினிய."

ஆட்டினேன்தான்.
ஒரே ஒரு முறை திருவிருந்துக்கு ஓடிவந்து முழங்காலிட்டாள்.
அப்பம் அவள் விரலை விட்டு வரவில்லை.
காய்ந்த ரப்பர் பால்.
பக்தியில் தாமதிக்கிறாள் என்று நினைத்து
அடுத்தவரிடம் நகர்ந்தேன்.

"எட்டரை மணிக்கு எங்கப்பா
நாற்பது வருஷம் மணிக்கயிறு பிடிச்சார்"
என்றார் ஞானாபரணம்.
குரல் உடைந்தது.
அதையும் வலது காதால்தான் கேட்டேன்,
அதையும் முதல் தடவையாக.

செல்லக்கண் வெகுநேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஏழு சபையில இதையே சொன்னாங்க.
ஒண்ணையும் நான் எழுதிக்கலை."
பேனாவை வாங்கி,
பொருள் நான்கில் இருந்த வரியை அடித்து
ஒரு சொல் எழுதினார்: கேட்க.
யாரை, எதை, எப்போது என்று எழுதவில்லை.
கையெழுத்துப் போட்டோம்.

ராத்திரி கோவிலில் தனியாக உட்கார்ந்து
மெஷினை மாட்டிப் பார்த்தேன்.
முதலில் விசில்.
பிறகு என் சட்டைக் காலர் உரசும் சத்தம்,
இத்தனை பெரிதாகவா.
பிறகு தூரத்துத் தோட்டத்தில் மழை.
பிறகு, மிக அருகே,
சொட்.

இடப்பக்கம். பெண்கள் வரிசை, மூன்றாம் பெஞ்சு.
பலகை ஊறிக் கறுத்திருக்கிறது.
அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு சாக்கு,
எத்தனை மழையாகவோ.

வாளி தேடிப் போனேன்.